தைத்தவளைத் தேடி வந்த பைகள்

முதலில் சத்தம்தான் வந்தது. ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கிக் கிடந்த நான், சாயங்கால வெயில் ஜன்னல் கம்பியில் ஏறுகிற நேரத்தில், கண்ணைத் திறக்காமலே அதைக் கேட்டேன்: கிண், கிணுக், கிண் என்று, தூரத்தில், பாலாற்று மணலுக்கு அந்தப் பக்கம், பித்தளையும் பித்தளையும் உரசுகிற சத்தம், மேய்ந்து திரும்பும் மாட்டின் கழுத்துமணி என்று நினைத்தால் அவ்வளவு கனமில்லாத சத்தம், கொலுசு என்று நினைத்தால் அவ்வளவு மெலிசில்லாத சத்தம், நடுநடுவே ஈரச்சாக்கைத் தரையில் இழுத்துப் போகிறமாதிரி ஒரு சரசரப்பு, அது ஆற்றைக் கடந்து, பைபாஸ் ரோட்டைக் கடந்து, எங்கள் தெருமுனைக்கு வந்த பிறகும், சைக்கிள் போனால்கூடக் குரைக்கிற எங்கள் தெரு நாய்கள் ஒன்றும் குரைக்காமல் இருந்ததால்தான் நான் எழுந்து வெளியே வந்தேன்.

மூன்று தோள்பைகள் நடந்து வந்துகொண்டிருந்தன. அடியில் இருக்கிற நான்கு மூலைகளையும் நான்கு காலாக ஊன்றி, வாரை வாலாக மண்ணில் இழுத்துக்கொண்டு, கொக்கி வளையத்தில் மோத மோத வந்தன. ஒன்றின் மேல் கடல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றின் கழுத்தில் விமானநிலையச் சீட்டு தொங்கியது. மூன்றாவது, வழியில் எங்கோ மழையில் நனைந்து காய்ந்து, காய்ந்து நனைந்து, நெற்றியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. மூன்றும் கால்வாய்ப் பலகையை ஒவ்வொன்றாகத் தாண்டி, எதிர்வீட்டு கமருன்னிசாவின் கோழிகளுக்கு வழிவிட்டு, வாசலில் நின்றிருந்த என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், கூடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த என் மனைவி பூங்காவனத்தின் காலடியில் படுத்துக்கொண்டன.

பூங்காவனம் கையிலிருந்த இரண்டு ஊசியையும் மெழுகுக்கட்டியில் குத்திவைத்துவிட்டுப் பார்த்தாள். மூன்றும் அவள் தைத்தவை.

"அய்ய, எவ்ளோ தூரம் வந்துச்சிங்களோ, இப்பிடி வறண்டு கீதுங்க," என்றாள். எழுந்து போய்த் தேங்காயெண்ணெய் சீசாவை எடுத்து வந்தாள்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே தோலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பச்சைத்தோல் லாரியில் வருவதையும், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுவதையும், மரப்பீப்பாய் மாதிரியான பெரிய டிரம்மில் மரப்பட்டைத் தண்ணீரோடு சுற்றிச் சுற்றிப் பழுப்பாவதையும் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஜனங்கள். அதனால் மறுநாள் ஐந்து பைகளும் அதற்கடுத்த நாள் பதினொன்றும் வந்தபோது, எதற்காக வருகின்றன என்று கேட்டவர்களைவிட எங்கே கட்டுவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். கட்டவேண்டாம், அதுங்களே இருக்கும், என்று பூங்காவனம் சொன்னாள். இருந்தன. பகலில் வேப்பமர நிழலில் படுத்தன, வெயில் ஏறினால் நிழலோடு நகர்ந்தன, தண்ணீர் லாரி வந்தால் ஒதுங்கி நின்றன. கவுன்சிலர் வந்து இவை சரக்கா பிராணியா என்று கேட்டார், யாரும் சரியாகச் சொல்லாததால் இரண்டுக்கும் மனு எழுதி வாங்கிக்கொண்டு போனார். கால்நடை மருத்துவர் வந்து, தடுப்பூசி போட இடம் தேடிப் பார்த்து, கிடைக்காமல், ஒவ்வொன்றின் முதுகையும் தடவிக்கொடுத்து, உடல்நிலை நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பைகளுக்குள் இருந்த சீப்பு, மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற சாக்லேட், யாரோ ஒரு குழந்தையின் பல், எல்லாவற்றையும் தெருப்பெண்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்து, எந்தப் பையில் எது இருந்தது என்று கரித்துண்டால் அடையாளம் போட்டு, முகவரி இருந்ததைத் தபாலாபீசுக்கு எடுத்துப் போனார்கள். சொந்தக்காரர்கள் தேடுவார்கள் பாவம் என்பதைத் தவிர அவர்களுக்கு அதில் வேறு யோசனை இல்லை.

ஆனால் ஒரு யோசனை தானாக வந்தது. இந்தத் தெருவில் நாற்பது பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவர்கள், கம்பெனியிலிருந்து மூட்டை வரும், தைத்த மூட்டை போகும், இருபது வருஷமாக எத்தனையோ ஆயிரம் பையும் செருப்பும் இங்கிருந்து கப்பலேறியிருக்கிறது, அப்படியிருக்க வந்ததெல்லாம் பூங்காவனம் தைத்ததாகவே இருப்பானேன்?

"எனக்கு ஒண்ணுகூட வர்லியே, சம்பங்கி," என்று கமருன்னிசா என்னிடம் கேட்டாள். அவள் மூன்று நாளாகச் சாயங்காலமானால் தலையில் முக்காடு இழுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "நானும்தான் தெச்சேன். அவளவிட வேகமாத் தெச்சேன். அல்லா மேல ஆணையா, ஒரு ஜோடி செருப்பாவது வரக்கூடாதா?"

தோலைப் பற்றிய படிப்பு எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. டிரம் சுற்றுகிற ராத்திரிகளில், மருந்து டின்னில் ஒட்டியிருக்கிற இங்கிலீஷையும், இத்தாலிக்கார வியாபாரிகள் ஆபீசில் விட்டுப்போகிற வழவழப்பான புத்தகங்களையும் அகராதி வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிக்கொண்டது. அந்தப் புத்தகங்களில் எழுதியிருந்ததைத்தான் கமருன்னிசாவுக்குச் சொன்னேன். அவள் தைத்த செருப்பெல்லாம் மேல்தோலைச் சீவித் தேய்த்து, வடுவெல்லாம் மறைகிறமாதிரி பிளாஸ்டிக் பூச்சு பூசின தோல். அதற்கு மூச்சு முட்டும். நடக்க வராது. இதுங்க அப்படியில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார், மனுஷன் முழங்கை மாதிரி சுருங்கி விரிகிறது. மோந்து பார், பெயிண்ட் வாசனை இல்லை, மரப்பட்டை வாசனை. இங்கே பார், உயிரோடு இருந்தப்போ முள்ளு கீறின கோடு அப்படியே இருக்கிறது, நல்ல தோல்காரர்கள் அதை மறைக்க மாட்டார்கள். ஓரத்தைத் தொடு, பெயிண்ட் அடித்ததில்லை, எலும்பால் தேய்த்துத் தேய்த்துக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக்கியது. தையலைப் பார், மெஷின் தையல் மாதிரி நேராகப் படுத்திருக்காது, ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்து நிற்கும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட்டு இழுத்தது. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். குதிரைச் சேணம் தைத்தவர்கள் கண்டுபிடித்தது.

கமருன்னிசா ஒரு பையை மடியில் தூக்கி வைத்து, அழுத்தி, மோந்து, தடவிப் பார்த்தாள். பிறகு இறக்கிவிட்டாள்.

"இவ்ளோ தெரிஞ்ச நீ, இத்தினி வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றாள். "நான் நல்ல தோலுன்னே நெனச்சிக்கினு தெச்சிட்டேன்." நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தோல் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பூங்காவனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. கடைசித் தையலை முடித்து நூலை அறுத்ததும், முனையை நாக்கால் ஒருதரம் நக்கி, ஓட்டைக்குள் அமுக்கி, விரலால் தேய்த்துவிடுவாள். மெழுகு வைப்பதைவிட அப்படித்தான் முனை பிரியாமல் நிற்கும் என்பாள். சூப்பர்வைசர் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறான், விடவில்லை. ஈன்ற பசு கன்றை நக்குகிறமாதிரிதானே, அதுங்களுக்கு வேற யாரத் தெரியும், என்றாள் தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தி, அதற்குமேல் ஊரில் யாரும் காரணம் தேடவில்லை.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒவ்வொரு பையின் உள்பாக்கெட்டிலும் கெட்டிக் காகிதத்தில் ஒரு அட்டை இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்கும் என்பதும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கம்பெனியிலிருந்து இத்தாலிக்கு அனுப்பின மாதிரிப் பையைப் பார்த்துவிட்டு, அங்கே பை விற்கிற குடும்பத்து முதலாளியம்மா ஃபியோரென்சா நேரே கிளம்பி வந்துவிட்டாள். அவர்கள் டஸ்கனி பக்கம், தாத்தா காலத்திலிருந்து தோல் வேலை, செஸ்ட்நட் மரச்சாற்றில் பதப்படுத்துகிறவர்கள், தைத்த கை யாருடையது என்று பெயரும் படமும் போடாமல் ஒரு பையையும் விற்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். யார் தைத்தது, அவரை நான் பார்க்கவேண்டும் என்றாள். மேனேஜர் ஜெகதீசன் என்னை டிரம் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"வெளிய குடுத்துத் தைக்கிறோம்னு தெரிஞ்சா ஆர்டரே பூடும்பா. நீதான் இங்கிலீஷ் பேசுற, தோலப் பத்திக் கேட்டா பதில் சொல்ற. ஒரு போட்டோ, அவ்ளோதான். உன் பொண்டாட்டி தெச்சதுதான, உன் வீட்டுப் பேருதான வரப்போவுது?"

அந்த அம்மா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்த்தாள். பட்டைத் தண்ணீரில் இருபது வருஷம் ஊறிக் கறுத்த விரல்கள், பழுப்பேறிய நகங்கள். தோல் வேலை தெரிந்தவளாகையால் அந்தக் கறையைப் பார்த்து நம்பினாள். மாயெஸ்த்ரோ என்றாள், அவர்கள் பேச்சில் கைதேர்ந்த ஆசான் என்று அர்த்தம். தலை குனிந்து சொன்னாள். அதுவரை யாரும் எனக்குத் தலை குனிந்ததில்லை. நான் எஸ் மேடம் என்றேன். ஜெகதீசன் சொன்னதால் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, அது எனக்கு இனித்தது, வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இனித்தது, வீட்டில் பூங்காவனம் கழுத்தைச் சாய்த்துத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் இனித்தது. அட்டை இத்தாலியில் அச்சாகி அங்கேயே பைக்குள் போகும், எங்கள் தெருவுக்கு வராது என்று நினைத்தேன்.

பூங்காவனம் அடுத்தவர்கள் பைக்குள் கைவிடுகிறவள் அல்ல. பைகளைக் காலி செய்த பெண்களும் மேலே கிடந்ததைத்தான் எடுத்தார்கள், உள்பாக்கெட்டைத் திறக்கவில்லை. நான் மதியத்தில், அவள் குளிக்கப் போன நேரத்தில், வேப்பமரத்தடிக்குப் போய் அட்டைகளை எடுக்கப் பார்த்தேன். பைகள் என்னைக் கண்டால் விலகின. கை வைத்தால் அந்த இடத்தில் மட்டும் தோல் புல்லரித்து, கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக எழும்பியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டன. அப்படியும் ஒன்பது அட்டையைப் பிடுங்கி, டிபன் கேரியரில் மறைத்து எடுத்துப்போய், ராத்திரி டிரம்முக்குள் போட்டேன். ஒன்பது சம்பங்கியும் பட்டைத் தண்ணீரில் சுற்றிச் சுற்றிக் கூழாய்ப்போனார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் புதிதாக இருபது பைகள் படுத்திருந்தன.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது கமருன்னிசாவின் கோழி. ஒரு பைக்குள் முட்டையிடப் போய், அட்டையைக் கிளறி வெளியே தள்ளியிருந்தது.

"அடியே பூங்காவனம், இங்க வந்து பாரு!" என்று தெருவே கேட்கிறமாதிரி கூப்பிட்டாள் கமருன்னிசா. "உன் ஊட்டுக்காரன் வெள்ளக்காரன் ஊர்ல சினிமா ஸ்டாராக் கீறான்!"

பூங்காவனம் அட்டையை வாங்கி, முந்தானையில் கோழியெச்சத்தைத் துடைத்து, தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். படத்தில் நான் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில், மடியில் பையோடு, ஊசியைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊசிய இன்னாத்துக்குயா பீடி மாதிரி புடிச்சிக்கினு கீற? இப்பிடிப் புடிச்சா கண்ணுலதான் போவும்." பெண்களெல்லாம் சிரித்தார்கள். "கீழ இன்னா எழுதிகீது?"

அப்போது சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும்.

"கம்பெனி வேலக்காருன்னு போட்டுகீது," என்றேன்.

அவள் அட்டையைத் திரும்ப அந்தப் பைக்குள்ளேயே வைத்தாள். யாருதோ, அதுல இருந்தது அதுலயே இருக்கட்டும், என்றாள்.

சனிக்கிழமை காலை கம்பெனி கார் தெருமுனையில் நின்றது. ஜெகதீசன் முன்னால் இறங்கி வந்தான், பின்னால் ஃபியோரென்சா அம்மா. மூன்று வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. பை நடந்து போய்விட்டது என்று மூன்று தேசத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அவளும் அதிசயப்படவில்லை, எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்திருக்கிறது. கையில் ஒரு பழைய குதிரைமயிர்ப் பிரஷ் வைத்திருந்தாள், தூசி தட்டக் கொண்டுவந்தாளாம். தெருவெல்லாம் வெளியே வந்து நின்றது.

"எப்பவும்போலப் பேசிடு, சம்பங்கி," என்று ஜெகதீசன் என் காதில் சொன்னான். "பையெல்லாம் உன் வூட்டுக்குத்தான வந்துகீது. இன்னும் நல்லதாப் போச்சி."

உண்மைதான். எனக்கும் அது தோன்றியிருந்தது. வீடு ஒன்று, வாசல் ஒன்று. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றாலே போதும்.

பூங்காவனம் வேப்பமரத்தடியில் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நூற்றுச் சொச்சம் பைகள் அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்று அவள் முழங்காலில் வாரைப் போட்டுக்கொண்டிருந்தது, ஒன்று முதுகில் சாய்ந்திருந்தது. ஃபியோரென்சா அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கைகளைப் பிடித்துக்கொண்டு மாயெஸ்த்ரோ என்றாள், தலை குனிந்தாள். நிமிரும்போது என் காலைப் பார்த்தாள். என்னைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்கு வெறும் மண். ஒரு பைகூட இல்லை.

இவை ஏன் உங்களிடம் வரவில்லை, என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இன்னா கேக்குது அந்தம்மா?" என்றாள் பூங்காவனம், கீரையிலிருந்து தலையைத் தூக்கி.

அந்தத் தெருவில் இரண்டு பேச்சும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அவள் கேட்டதை இவளிடமும், இவள் சொல்வதை அவளிடமும் நான்தான் கொண்டுபோகவேண்டும், நான் எதைக் கொண்டுபோனாலும் அதுதான் போய்ச் சேரும். ஜெகதீசன் தொண்டையைச் செருமினான். நான் தைக்கவில்லை, என்றேன் இங்கிலீஷில். ஒரு பைகூட. நான் டிரம் சுற்றுகிறவன். தைத்தது அவள்.

ஃபியோரென்சா அம்மா என் கையை விட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது, பிறகு மெதுவாக, நான் புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர்கள் கடையின் பெயர்ப்பலகையில் தாத்தா பெயரும் மகன்கள் பெயரும்தான் இருக்கிறது. தாத்தா தோல் வெட்டுவார், பேசுவார், விற்பார். தைத்தது பாட்டியும் இரண்டு அத்தைகளும், சமையலறைக்குப் பின்னால். கை யாருடையது என்று பெயர் போடும் வழக்கத்தை ஆரம்பித்ததே அந்தத் தாத்தாதான், முதல் பையில் போட்டது தன் பெயரை. பலகையை மாற்றவேண்டும் என்று முப்பது வருஷமாக நினைக்கிறேன், என்றாள். இன்னும் அதே பலகைதான். கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜெகதீசன் கார் பக்கம் போய்விட்டான்.

"இன்னாயா பேசிக்கினீங்க?" என்றாள் பூங்காவனம். "அந்தம்மா மூஞ்சி ஏன் அப்பிடி ஆயிப்போச்சி? உன் மூஞ்சியும்தான்."

இங்கிலீஷில் சொன்னது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. அது புத்தகத்துப் பேச்சு, என் வாயில் பாதிதான் ஒட்டும். இதைச் சொந்தப் பேச்சில் சொல்லவேண்டும், கமருன்னிசா கேட்க, தெரு கேட்க.

"அந்த அட்டையில கம்பெனி வேலக்காருன்னு போடல," என்றேன். "இத நான் தெச்சேன்னு போட்டுகீது. நீ தெச்சது எல்லாத்துலயும். மூணு வருசமா. அந்தம்மா யாரு தெச்சதுன்னு கேட்டு வந்துது, நான்தான்னு சொன்னேன்."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு கீரைக்காம்பு இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

"வூட்ல. தெச்சிக்கினு இருந்த."

"கம்பெனிலருந்து வூட்டுக்கு எவ்ளோ நேரம்?"

"ஆறு நிமிசம்."

"நடந்தா?"

"நடந்தா."

அவள் முழங்காலில் கிடந்த வாரை எடுத்து, நோகாமல், கீழே வைத்தாள்.

"கூப்ட்டிருக்கலாம்," என்றாள்.

ஃபியோரென்சா அம்மா அவளுக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, சின்ன நோட்டைத் திறந்து, பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தைத்தவளின் பெயரைச் சொன்னேன். நீளமான பெயர், இரண்டுதரம் சொல்லவேண்டியிருந்தது. பூங்காவனம் எங்களைப் பார்க்கவில்லை. காம்பை விரலிடுக்கில் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இலைகள் முறத்தில் விழுந்தன. அடுத்த காம்பை எடுத்தாள்.